ஜெபிக்க வாய் வரவில்லை. உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?

பாளையங்கோட்டைக்காரி
11 அக்டோபர் 2025, இரவு 11:20

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு வருஷமாக இங்கே வாசிக்கிறேன், எழுதியதில்லை. இன்று எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

போன டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வழக்கம்போல, அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். என் வீட்டுக்காரருக்கு வந்தது சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் வைத்தார். மார்ச்சில் கால் வீங்கி, படுத்தால் மூச்சுமுட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, கிரியாட்டினின், ரத்தத்தில் 11. பதினைந்து வருஷச் சர்க்கரை இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது என்றார் டாக்டர். அவருக்கு வயது 52.

இப்போது செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். காலை ஐந்துக்கு எழுந்து ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். நாலு மணி நேரம் மெஷின். வீட்டுக்கு வந்தால் துணி துவைத்துப் பிழிந்தது மாதிரிக் கிடப்பார். தண்ணீர் அளவாகத்தான். "அரை டம்ளர் குடு" என்று அவர் கேட்டு, நான் "இல்லை" என்று சொல்கிற வாழ்க்கை. கிட்னி கொடுக்கலாமென்றால் என் ரத்த வகை அவருக்குச் சேராது. அவர் அக்காவுக்கும் சர்க்கரை.

21 நாள் உபவாசம் இருந்தோம். சபையில் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். ஒன்றும் மாறவில்லை. போன மாதம் வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். முடித்துவிட்டு, "இந்த வீட்டில் அவிசுவாசம் இருக்கிறது. கர்த்தரை நம்புகிறீர்களா, மெஷினை நம்புகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "விட்டுப் பார்ப்போமா?"

அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால்படியிடுகிறேன். "கர்த்தாவே" என்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து ஜெபிக்கப் படித்தவள் நான். இது பின்மாற்றமா, விசுவாசத்தை விட்டு விலகிப்போவதா? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் அப்புறம் என்ன செய்தீர்கள்?

---

வார்டு_சிஸ்டர்
12 அக்டோபர் 2025, காலை 5:50

அக்கா, டூட்டிக்குக் கிளம்பும் முன் வேகமாக எழுதுகிறேன். பதினெட்டு வருஷமாக டயாலிசிஸ் வார்டில் இருக்கிறேன்.

முதல் காரியம். ஒரு தடவைகூட விட்டுப் பார்க்காதீர்கள். யார் சொன்னாலும் சரி. சேர்கிற நீர் நுரையீரலுக்குப் போகும். பொட்டாசியம் ஏறினால் வலி சொல்லாமல், அறிகுறி காட்டாமல் இதயத்தை நிறுத்திவிடும். "விசுவாசத்தில் விட்டுவிட்டோம்" என்று வந்தவர்களை ராத்திரி இரண்டு மணிக்கு நான் வாங்கிப் படுக்க வைத்திருக்கிறேன். எல்லாரும் பிழைக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் அன்பாக இளநீர் கொண்டுவருவார்கள், அதில் பொட்டாசியம் அதிகம், அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, அவர் "விட்டுப் பார்ப்போமா" என்று கேட்டதை விசுவாசக் கேள்வியாக மட்டும் எடுக்காதீர்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் வருஷத்தில் மனச்சோர்வு ரொம்பப் பேருக்கு வரும். டாக்டரிடம் இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். துணைக்கு வருகிறவர்கள் முகத்தை நாங்கள் பார்க்கிறோம், கேட்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

ஜெபத்தைப் பற்றிச் சொல்ல நான் பெரிய ஆளில்லை. கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பிரஷர் இறங்கும், கால் கொக்கிபோட்டு இழுக்கும். அப்போது நான் பாதத்தைப் பிடித்து அழுத்துவேன். அந்த நேரம் என் வாயில் வார்த்தை இருக்காது. அதை ஆண்டவர் ஜெபம் என்று எண்ணிக்கொள்வார் என்றுதான் இத்தனை வருஷம் ஓட்டுகிறேன்.

---

எலியாவின்_சால்வை
12 அக்டோபர் 2025, காலை 9:15

சிஸ்டர், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் வசனத்தை நாம் மாற்ற முடியாது. "விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும்" என்று ஆண்டவர் சொன்னார். "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்று யாக்கோபு எழுதினார். என் அம்மாவுக்கு டாக்டர்கள் கைவிட்ட பிறகு சுகம் கிடைத்தது, என் கண்ணால் பார்த்தேன். மருந்தை விடச் சொல்லவில்லை. ஆனால் எங்கேயோ ஒரு சந்தேகம் தடையாக நிற்கிறதா என்று நீங்கள் ஆராய்ந்து பார்ப்பது நல்லது. ஜெபம் வராமல் இருப்பதே அதன் அடையாளமாக இருக்கலாம்.

---

கல்குளத்தான்
12 அக்டோபர் 2025, காலை 9:40

தம்பி, ஐந்து மணிக்கு எழுந்து வாரம் மூன்று நாள் வீட்டுக்காரரைக் கூட்டிப்போகிறவளிடம் இதைச் சொல்லலாமா?

---

பழைய_வாத்தியார்
12 அக்டோபர் 2025, மாலை 6:05

பாளையங்கோட்டைத் தங்கச்சிக்கு,

நான் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். திருமண்டலப் பள்ளிக்கூடத்தில் 34 வருஷம் வாத்தியார் வேலை. கோயிலில் ஐயர் (போதகர்) ஊரில் இல்லாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவேன். அவ்வளவுதான் என் தகுதி.

தம்பி சொன்ன மாற்கு 9:23-ஐ அடுத்த வசனத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வியாதிப்பட்ட பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் கண்ணீரோடு சத்தமிட்டுச் சொல்கிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னவன். ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பி, "முழுசாக விசுவாசித்த பிறகு வா" என்று சொல்லவில்லை. அந்தப் பாதி விசுவாசத்தின் மேல்தான் அற்புதம் நடந்தது.

யாக்கோபையும் பாருங்கள். வியாதிப்பட்டவன் மூப்பர்களைக் கூப்பிட வேண்டும், அவர்கள் வந்து ஜெபிக்க வேண்டும். பாரம் கட்டிலில் கிடப்பவன் தலையில் இல்லை, வந்து நிற்பவர்கள் தலையில் இருக்கிறது. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம்தான் சொல்கிறார். அவர்கள் வீட்டில் அவிசுவாசம் இருந்ததென்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இனி உங்கள் கேள்வி. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தால் கிழவிகள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். ஐயர் தெருமுனையில் வருகிறார் என்றதும் யாராவது "போதும், பாமாலைப் புஸ்தகத்தை எடு" என்பார்கள். உடனே ஒப்பாரி நிற்கும், பாட்டு ஆரம்பிக்கும். என் பாட்டி சாகும்வரை, ஒப்பாரி கடவுளுக்குப் பிடிக்காது என்றே நினைத்திருந்தாள். நானும் நினைத்திருந்தேன். முப்பது வயதுக்கு மேல்தான் புலம்பல் புஸ்தகத்தை ஒழுங்காக வாசித்தேன். முதல் சொல்லே "ஐயோ!" எருசலேம் நகரத்தை ஒரு பொம்பளையாக உட்கார வைத்து, "விதவைக்கு ஒப்பானாளே" என்று அழுகிறது. இது என் பாட்டி பாடினதுதானே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த ஒப்பாரிக்கு நடுவில், மூன்றாம் அதிகாரத்தில்தான், நாம் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிற "அவைகள் காலைதோறும் புதியவைகள்" இருக்கிறது. முன்னும் பின்னும் அழுகை. அழுகையை வெட்டிவிட்டு வசனத்தை மட்டும் எடுத்து மாட்டினது நாம்தான்.

சங்கீதம் 88-ஐ இன்று ராத்திரி வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு திருப்பம் வரும். இதில் வராது. எபிரெயத்தில் கடைசிச் சொல் "இருள்". அப்படியே முடிந்துவிடுகிறது. அதையும் சங்கீதப் புஸ்தகத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக ஆராதனையில் வாசிக்கப்படுகிறது. அதைவிட இருட்டாக நீங்கள் ஒன்றும் சொல்லிவிட முடியாது, பயப்படாதீர்கள்.

இன்னொன்று. களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் உங்களுக்குத் தெரியும். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் ஒடிந்தார். அவர் வளர்த்த அத்தனை பிள்ளைகளும் சுகத்துக்காக ஜெபித்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் தன் அறையிலும் கட்டிலிலும்தான் வாழ்ந்தார். அங்கிருந்தே எழுதினார், பிள்ளைகளைப் பார்த்தார், ஜெபித்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து "அம்மா" என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் அங்கே நின்று யோசிப்பேன், இந்த அம்மையாரிடம் போய் யாராவது "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்லியிருப்பார்களா?

---

மட்டுநகர்
13 அக்டோபர் 2025, அதிகாலை 1:30

அக்கா, நான் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, சீயோன் ஆலயத்தில குண்டு வெடிச்சது. செத்ததில கனபேர் சின்னப் பிள்ளைகள். நான் அந்தச் சபை இல்லை, ஆனா அந்தப் பிள்ளைகளில ரெண்டு பேருக்குப் படிப்பிச்சனான்.

எனக்கும் ஜெபம் நிண்டு போச்சு. பிரசங்கம் கேக்கவே ஏலாது. கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்கில இருந்திட்டு வருவன். ஒரு கிழவி பக்கத்தில வந்து இருப்பா, ஒண்டும் கேக்க மாட்டா. பரமண்டல ஜெபம் சொல்லேக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அவ சொல்லுவா. நான் சொல்ல மாட்டன். எத்தினை மாசம் எண்டு ஞாபகமில்லை. ஒருநாள் "எங்கள் பிதாவே" எண்டு அவ சொல்லேக்க, அந்த "எங்கள்" எண்டதுக்குள்ள நானும்தானே இருந்திருக்கிறன் இவ்வளவு நாளும் எண்டு விளங்கிச்சு. அண்டைக்குத்தான் அழுதன்.

வேற சொல்லத் தெரியேல்லை.

---

கடலோரத்தாள்
14 அக்டோபர் 2025, இரவு 10:10

வாத்தியார் ஐயா ஒப்பாரியைப் பற்றி எழுதியதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர், குமரி மேற்குக் கடற்கரை, தூத்தூர்ப் பக்கம். எங்கள் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடித்துத்தான் திரும்புவார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது என் மூத்த அண்ணன் கடலில் இருந்தான்.

30-ம் தேதி காற்று எங்கள் கரையைக் கடந்து போன பிறகும் எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. போன் போகாது. கரையில் உட்கார்ந்திருந்தோம். டிசம்பர் 3 ஞாயிறு. கோட்டாறு சவேரியார் திருநாள், அந்த வருஷம் அதே நாளில், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் வந்தது. திருப்பலியில் வாசித்த நற்செய்தி மாற்கு 13. "விழிப்பாயிருங்கள்" என்று வரும். வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும்போது வருவாரோ, உங்களுக்குத் தெரியாது என்று. வாசித்தவருக்கு அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. கோயில் முழுக்க நான்கு ராத்திரி தூங்காமல் கடலைப் பார்த்த பெண்கள். எங்களிடம் போய் விழித்திருங்கள் என்று.

அண்ணன் வரவில்லை. உடலும் வரவில்லை. எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். பிறகு தேடச் சொல்லி ஊர் ஊராகத் திரண்டு குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். என் அம்மா தண்டவாளத்தின் மேல் ஜெபமாலை உருட்டிக்கொண்டே, நடுநடுவே அதிகாரிகளைப் பார்த்துக் கத்துவாள். ஆண்டவரிடம் கேட்டதும் அவர்களிடம் கேட்டதும் ஒரே குரல்தான். "என் பிள்ளையைத் தேடுங்கள்." எனக்கு இன்றுவரை அதைவிட உண்மையான ஜெபம் தெரியாது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூவும் மெழுகுதிரியும் கொண்டு கல்லறைக்குப் போவார்கள். எங்களுக்குக் கல்லறை இல்லை. அம்மா கடலைப் பார்த்த குருசடியில் ஒரு திரி ஏற்றிவிட்டு வருவாள். இறந்தோர் பட்டியலில் அண்ணன் பெயரைக் கொடுக்க மூன்று வருஷம் சம்மதிக்கவில்லை. கொடுத்தால் தானே அவனைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று. அன்பியத்தில், எங்கள் பக்கத்து வீடுகளின் ஜெபக் குழுவில், யாரும் வற்புறுத்தவில்லை, ஃபாதரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது வருஷம் அவளாகவே எழுதிக் கொடுத்தாள். பெயரை வாசித்தபோது "ஆண்டவரே, இனி நீர் பார்த்துக்கொள்ளும்" என்று பக்கத்தில் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அவன் திரும்பி வர வேண்டும் என்று கேட்டதுக்குப் பதில் வரவில்லை. ஆனால் அவனை எங்கே வைப்பது என்று அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது.

ஒரு சொல்லைப் பற்றி. நீங்கள் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்பீர்கள். எங்கள் திருவிவிலியத்தில் அதே 1 கொரிந்தியர் 13-ல் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று இருக்கும். இந்த 2025 யூபிலி ஆண்டில் "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல் எனக்குப் பழகிவிட்டது. முன்பு செயற்கையாகத் தோன்றியது. கரையில் உட்கார்ந்தவளுக்கு அது வேறுமாதிரி. வருவான் என்று மனசில் உறுதி இல்லாவிட்டாலும் கண் அந்தப் பக்கம்தான் பார்க்கும். அக்கா, நீங்கள் "கர்த்தாவே" என்று சொல்லிவிட்டு நிற்கிறீர்களே, முகம் அந்தப் பக்கம் திரும்பித்தானே இருக்கிறது?

---

பழைய_வாத்தியார்
15 அக்டோபர் 2025, காலை 7:00

கடலோரத்து அம்மா, நேற்று ராத்திரி இதை வாசித்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். "எதிர்நோக்கு" என்ற சொல்லை நான் இதுவரை மொழிபெயர்ப்புக் குழுவின் சொல்லாகத்தான் பார்த்தேன்.

பவுல் ஏறின கப்பல் புயலில் பதினாலாம் நாள் ராத்திரி அலைந்த இடம் ஞாபகம் வந்தது, அப்போஸ்தலர் 27. அதில் 276 பேர். கரை தெரியாது, பாறையில் மோதுவோமோ என்று பயம். அப்போது நாலு நங்கூரத்தைப் போட்டு, "பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள்." அந்த ராத்திரி அவர்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

---

பாளையங்கோட்டைக்காரி
18 அக்டோபர் 2025, இரவு 9:45

எல்லாருக்கும் தனித்தனியாக எழுதத் தெரியவில்லை.

சங்கீதம் 88-ஐ வாசித்தேன். முதலில் தனியாக, பிறகு இவருக்கு. "இதெல்லாம் பைபிளில் இருக்கிறதா?" என்று கேட்டார். திரும்ப வாசிக்கச் சொன்னார். சிஸ்டர் சொன்னபடி டாக்டரிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மாத்திரை ஒன்று கூட்டியிருக்கிறார், ஒரு கவுன்சிலரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். டயாலிசிஸை விடும் பேச்சு இப்போது இல்லை.

எனக்கு இன்னும் ஜெபம் வரவில்லை. ஆனால் கோயிலில் எல்லாரும் சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டே நின்றேன், பயப்படவில்லை. அந்தக் கிழவியை நினைத்துக்கொண்டேன்.

---

எலியாவின்_சால்வை
19 அக்டோபர் 2025, இரவு 11:55

சிஸ்டர், ஒரு வாரமாக இந்தப் பக்கத்தைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். ஆண்டவர் சுகம் கொடுக்கிறார் என்று இன்னும் விசுவாசிக்கிறேன், உங்கள் வீட்டுக்காரருக்காகவும் அப்படித்தான் கேட்பேன். அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் "தடை" என்று உங்களிடம் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். என் அம்மா சுகமான அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா இருந்தார்கள். எங்களைவிட அதிகம் ஜெபித்தவர்கள். அவர்கள் இறந்துபோனார்கள். நான் சாட்சி சொல்லும்போது அவர்களைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. இனி சொல்லாமல் சாட்சி சொல்ல முடியாது என்று தோன்றுகிறது. மன்னியுங்கள்.

---

கல்குளத்தான்
20 அக்டோபர் 2025, காலை 6:30

தம்பி, நான் அன்றைக்குச் சுருக்கென்று பேசிவிட்டேன். நீயும் மன்னிக்கணும்.

மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குவார்கள். அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது. தங்கச்சி, செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரைக்கு நான் மாடு கறக்கிற நேரம். உங்க வீட்டுக்காரருக்காக நான் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அந்த நேரம் சும்மா இருங்கள்.

---

வார்டு_சிஸ்டர்
20 அக்டோபர் 2025, இரவு 8:20

சனிக்கிழமை நானும். ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் இரண்டு நிமிஷம்.

---

மட்டுநகர்
21 அக்டோபர் 2025, அதிகாலை 12:40

வியாழன் என்ர.

---

பாளையங்கோட்டைக்காரி
2 ஜனவரி 2026, மாலை 4:15

புத்தாண்டு வாழ்த்துகள். இழை கீழே போய்விட்டது, தேடிப் பிடித்து வந்தேன்.

அவருக்குச் சுகமாகவில்லை. நவம்பரில், டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாயைச் சேர்த்து வைத்த ஃபிஸ்டுலா கை வீங்கி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தார். கிட்னி தானம் கிடைக்க அவர் பெயரைப் பதிந்திருக்கிறோம், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

அந்த வாரம், பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒருவர், இந்துதான், நான் பைபிளை மடியில் வைத்திருப்பதைப் பார்த்து, "எனக்கும் ஏதாவது வாசிம்மா, சத்தமா வாசி" என்றார். அவர் பிள்ளைகள் யாரும் வருவதில்லை. எதை வாசிப்பதென்று தெரியாமல் சங்கீதம் 13-ஐ எடுத்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, எதுவரைக்கும்" என்றார். இவரும் இந்தக் கட்டிலிலிருந்து "ஆமா" என்றார். அப்போது என் வாயிலிருந்து தன்னால் வந்தது: "ஆண்டவரே, இந்த ரெண்டு பேருக்கும் இன்னைக்குக் கால் இழுக்காம இருக்கட்டும்." மாதக்கணக்கில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான். இவருக்கு இழுக்கவில்லை. பெரியவருக்கு இழுத்தது, நர்ஸ் வரும்வரை நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 31 ஆராதனைக்குப் போக வேண்டாமென்றுதான் இருந்தேன். மறுநாள் வியாழன், ஐந்து மணிக்கு எழ வேண்டும். இவர் போகத்தான் வேண்டும் என்றார். அட்டைத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. இவர் எடுக்கவில்லை. போன வருஷ அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், ஓரமெல்லாம் கிழிந்து, டயாலிசிஸ் ஃபைலில் வைத்திருந்ததால் துளை விழுந்து. "இன்னும் பிழைச்சுத்தானே இருக்கேன், இது முடியட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து படுக்க ஒன்றரை ஆகிவிட்டது. காலையில் ஆறரைக்கு மெஷினில் போட்டார்கள். கல்குளத்து அண்ணன் இப்போது மாடு கறந்துகொண்டிருப்பார் என்று இவரிடம் சொன்னேன். "மழை பெய்தாலும் கறக்கணுமே அவருக்கு" என்றார்.